ஒரே சாயக்கடையில் நாற்பத்தொரு வீடுகள்

செறுவிளைத் தங்கப்பனின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தது நான்தான். என் விரல் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. பதினான்கு பக்கத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு எழுதினேன். அதன் ஒன்பதாவது விதி அந்த வேலையைச் செய்தது.

தங்கப்பன் ரப்பர் வெட்டுத் தொழிலாளி. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார். அவருடைய மூத்திரக் குழாயைக் குறித்த நாளுக்குள் மாற்ற வேண்டும். மாற்ற வரும் நர்ஸ் எந்தெந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பதை எங்கள் ஆப் சொல்லும். மூன்று வாரம் அது தங்கப்பன் வீட்டைச் சொல்லவில்லை.

ஆப் செய்கிற பிள்ளைகளும் டேட்டா பார்க்கிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. ஒரு தவறை எப்படி முறைப்படி, கையெழுத்தோடு, கோப்பில் வைத்துச் செய்வது என்பது நன்றாகத் தெரியும்.

1. சக்கரம் வைத்த நாற்காலி

அரசுப் பணியில் முப்பத்தொரு வருடம் கணக்கெடுப்பு வேலை பார்த்தேன். முதலில் படிவம் நிரப்புகிறவன், பிறகு மற்றவர்கள் நிரப்பியதைச் சரிபார்க்கிறவன், கடைசியில் சரிபார்த்தவர்களைச் சரிபார்க்கிறவன். மரச்சீனிக் கிழங்கு, கோழி, கிணறு, கக்கூஸ் என்று எண்ணக்கூடிய எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் எழுதி ஒட்டினேன். என் மனைவி அவற்றைக் கிழித்துப் போட்ட வாரத்தில்தான் நெய்யாற்றின்கரையிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் ஏழு பேர் வேலை செய்யும் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளி சஜு, நாற்பதைத் தொடாதவர்.

"சாறே, நமக்கு ஒரு டொமைன் எக்ஸ்பர்ட் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம், சாறு சும்மா வந்து இருந்தா மதி," என்றார்.

"சும்மா இருக்கதுக்கு என்னத்துக்கு எக்ஸ்பர்ட்டு?"

"கிளையண்ட் வரும்போ தலையாட்டணும். அதுக்கு நரைச்ச தலை வேணும். எனக்க தலை ஆடினா ஆரும் நம்ப மாட்டாவ."

முப்பத்தொரு வருடத்தில் ஒருவரும் என்னை எக்ஸ்பர்ட் என்று சொன்னதில்லை. சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் காட்டினார்கள். உட்கார்ந்ததும் அது பின்னால் ஓடிச் சுவரில் இடித்தது. அன்று அலுவலகத்தில் நடந்த ஒரே முன்னேற்றம் அதுதான்.

கிளையண்ட் ஓர் அறக்கட்டளை. கேரள எல்லையோரப் பஞ்சாயத்துகளில் படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவை; ஒரு ஜீப், இரண்டு நர்ஸ். அதுவரை எல்லாம் ஒரு மூத்த நர்ஸின் டைரியை நம்பி ஓடியது. அவர் வெளிநாட்டுக்குப் போனார். டைரியைத் திறந்து பார்த்தால் 'பலா மரத்து வீடு', 'கோபக்கார மாமன்' என்றுதான் இருந்தது. மீதி அவர் தலைக்குள் இருந்தது. அது விமானம் ஏறிவிட்டது.

அதனால் ஆப். வார்டுக்கு ஒரு தொண்டர் வீடு வீடாகப் போய் நோயாளியைப் போனில் பதிவு செய்வார். வந்து சேரும் டேட்டாவை நாங்கள் சுத்தம் செய்வோம். சுத்தமான டேட்டாவிலிருந்து வாரந்தோறும் நர்ஸுக்கு வீட்டுப் பட்டியல் போகும். ஆப் எழுதியதும் டேட்டாவுக்கு நிரல் எழுதியதும் ஒரே பெண், ஆஷ்லின். குளத்தூர்ப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா கடலுக்குப் போகிறவர். என்னை நாற்காலியோடு சுவரிலிருந்து மீட்டு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்தது அவள்தான்.

2. வக்கீல்கள்

பதிவு தொடங்கிய இரண்டாம் வாரம் சஜு பெரிய திரையில் ஒரு வட்டப் படம் காட்டினார். நோயாளிகளின் தொழில் விவரம். வட்டத்தில் முக்கால்வாசி ஒரே நீல நிறம். நீலம் என்றால் என்ன என்று பார்த்தேன். அட்வகேட்.

"விஷ்வல் எப்பிடி சாறே? கிளையண்டுக்குக் காட்டலாம்லா?"

நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்ட அத்தனை பேரையும் கூட்டினாலும் அவ்வளவு தேறாது. எங்கள் ஆப்பின்படி, ஆரியங்கோட்டு ரப்பர் முதல் கடற்கரை மணல் வரை வக்கீல்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள்.

"எங்க அப்பனும் அட்வகேட்டாக்கும் சாறே," என்றாள் ஆஷ்லின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "டெஸ்டிங்குக்கு அவருக்க பேரப் போட்டேன். வெளுக்க முந்தி வள்ளத்துல போவாரு, பத்து மணிக்கு கோர்ட்டுல நிப்பாரு."

காரணம் எளியது. தொழில் என்ற இடத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. டிராப் டவுனில் ஆங்கில அகரவரிசை. அட்வகேட் முதலில் நிற்கிறது. தொண்டர் அதைத் தொடாமல் நகர்ந்தால் அதுவே பதிவாகும். வீட்டில் ஒருவர் வலியில் முனகிக்கொண்டிருக்கும்போது அவருடைய தொழிலைக் கேட்க யாருக்கும் மனம் வராது. எல்லோரும் நகர்ந்தார்கள்.

முதல் வரியாக 'சொல்லவில்லை' என்று ஒன்றைச் சேர்க்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் சேர்த்தாள்.

"ஆனா சாறே, இனி வாற பதிவுதான் மாறும். பழசு பழசாத்தான் கிடக்கும். அதுல உள்ளபடியே வக்கீலு ஆரு, ஆப்பு ஆக்கின வக்கீலு ஆருன்னு எனக்கெப்பிடித் தெரியும்?"

குறித்துக்கொள்ளுங்கள்: ஆப்பைத் திருத்தினால் டேட்டா திருந்தாது. நான் அன்றே அதைக் குறித்துக்கொண்டேன். அதோடு அது என் குறிப்பேட்டில் பத்திரமாக இருந்தது.

அதே வாரம் பக் லிஸ்ட் என் பார்வைக்கு வந்தது. ஆப்பைப் பற்றித் தொண்டர்கள் சொல்லும் குறைகளின் பட்டியல் அது. ஒவ்வொரு வரியையும் படித்து, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி, இரண்டெழுத்துச் சுருக்கொப்பம் வைத்தேன். பழக்கம். கோப்பு என்று ஒன்று வந்தால் ஒப்பம் இல்லாமல் அதைத் திருப்பி அனுப்ப என் கை ஒத்துக்கொள்ளாது.

3. ஒன்பதாவது விதி

என் பணிக்காலத்தில் என் பெயர் நான்கு தாலுக்காவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சம்பவத்தால். கணக்கெடுக்கப் போன ஓர் ஊழியர், வீடு வீடாகப் போகாமல், ஒரு சாயக்கடையில் சாயாவும் பழம்பொரியுமாக உட்கார்ந்து ஐம்பது வீட்டுப் படிவத்தையும் கற்பனையில் நிரப்பினார். ஐம்பது படிவத்திலும் ஒரே பழம்பொரி எண்ணெய்க் கறை. அதை வைத்து நான் பிடித்தேன். இந்தக் கதையை இருநூறு முறையாவது சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் கறை கொஞ்சம் பெரிதாகும்.

கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்த பதினான்கு பக்கம் 'டேட்டா சரிபார்ப்பு நடைமுறை'. ஒன்பதாவது விதி அந்தச் சாயக்கடைக்கு நான் எழுப்பிய நினைவுச் சின்னம். ஒரே இடத்திலிருந்து, ஒரே போன் நம்பரில் வந்த பதிவுகள் அனைத்தும் ஒரே பதிவின் நகல்கள். முதலாவதை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கவும்.

ஆஷ்லின் அதைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

"ஒரே இடம்னா எத்தன மீட்டரு சாறே? ஜிபிஎஸ் நிண்ண இடத்துல நிண்ணாலும் அங்கயும் இங்கயும் ஆடும்."

"முப்பது மீட்டர் வை."

"எங்க கரையில முப்பது மீட்டருக்குள்ள எட்டு வீடு உண்டு. ஒரு வீட்டுல மிளகு வறுத்தா எட்டு வீட்டுலயும் தும்முவாவ."

"அதுக்குத்தானே போன் நம்பரையும் சேத்திருக்கேன். எட்டு வீட்டுக்கு எட்டு நம்பர் உண்டுல்லா?"

"உண்டு." குறிப்பை மறுபடி புரட்டினாள். "ஆனா பேரு வேற, வயசு வேற, நோவு வேறன்னு இருந்தாலும் எடுக்கணுமா?"

"பேர ஆரு வேணாலும் இட்டுக்கட்டலாம் பிள்ளே. இடமும் நம்பரும் பொய் சொல்லாது."

அவள் போய்விட்டாள். நான் சொன்னது எனக்கே பிடித்திருந்தது.

விதியை நிரலில் பூட்டி ஓடவிட்ட முதல் நாள் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய வார்டு, செறுவிளை. பதிவுகள் நாற்பத்தொன்று. இடம்: ஒன்று. போன் நம்பர்: ஒன்று. நீக்கப்பட்டவை: நாற்பது. தொண்டர்: ஷீலா. வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தோம். நாற்பத்தொரு புள்ளியும் ஒரு சாயக்கடை முக்கில் குவிந்திருந்தன.

என் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. எழுந்து நின்று பழம்பொரிக் கதையை இருநூற்றோராவது முறையாகச் சொன்னேன். சஜு கைதட்டினார். "சாறே, இதுதான் எக்ஸ்பர்ட்டு!" அறக்கட்டளைக்குக் கடிதமும் நானே எழுதினேன்: மேற்படி தொண்டரிடம் விளக்கம் கோரவும், விளக்கம் வரும்வரை அவருடைய புதிய பதிவுகளை ஏற்க வேண்டாம்.

எஞ்சிய ஒரு பதிவு, சாயக்கடை ராஜப்பனின் அம்மாவுடையது. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஷீலா முதலில் பதிந்தது அதைத்தான். அடுத்த மூன்று வாரமும் ஜீப் செறுவிளைக்குத் தவறாமல் போயிற்று. அந்த ஒரு வீட்டில் அம்மாவுக்கு பிரஷர் பார்த்தார்கள், சாயா குடித்தார்கள், திரும்பினார்கள். மேலே ரப்பர்த் தோட்டத்துக்குள் தங்கப்பன் கிடக்கிறாரே என்று ராஜப்பன் கேட்டிருக்கிறார். நர்ஸ் புதியவர். பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இருந்தது. நான்காவது விதி. அதையும் நான்தான் எழுதினேன்.

4. ஷீலா வருகிறார்

ஒரு வியாழக்கிழமை காலை மாடிப்படியில் செருப்புச் சத்தம் வேகமாக ஏறி வந்தது. நாற்பது வயதுப் பெண், கையில் ஒரு நோட்டு, ஒரு போன்.

"பதினாலு பக்கம் எழுதின சாறு ஆரு?"

சஜு தன் சக்கர நாற்காலியோடு சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தார். மற்றவர்கள் பார்வையாலேயே என்னைக் காட்டிக் கொடுத்தார்கள்.

"நான்தான்," என்றேன்.

"நான் ஷீலா. கள்ளப் பதிவு போட்டவ. சாறு எப்பளாவது செறுவிளைக்கு வந்ததுண்டா?"

"இல்ல."

"பின்ன அங்க நாப்பது வீடு இல்லன்னு எப்பிடித் தெரிஞ்சுது?"

நான் ஜிபிஎஸ் பற்றி விளக்க ஆரம்பித்தேன். எல்லா வீடும் ராஜப்பனுடைய கடையில்தான் காட்டுகிறது என்றேன்.

"கடையிலதான் காட்டும்! அங்கதானே உங்க எளவு சேவ் ஆவும்! வீட்டுல நிண்ணு அமுக்கினா வட்டம் சுத்தும். சுத்திச் சுத்தி அணைஞ்சு போவும், எழுதினதும் அதோட போவும். ரப்பருக்குள்ள நம்ம டவரு கிட்டாது சாறே. சாயக்கடை முக்குல நிண்ணா தமிழ்நாட்டு டவரு எட்டிப் பாக்கும். பெஞ்சுல ஏறி நிண்ணா நல்லாவே பாக்கும். வீட்டுல எல்லாம் கேட்டு நோட்டுல எழுதி, கீழ இறங்கி வந்து, பெஞ்சுல ஏறி நிண்ணாக்கும் நாப்பத்தொரு வீட்டையும் ஏத்தினேன். சாயா குடிக்க வந்தவன் பூராவும் கேட்டான், ஷீலாக்கா எலெக்‌ஷனுக்கு நிக்கியாளான்னு."

"போன் நம்பர்?" என்றேன். குரல் சற்று இறங்கியிருந்தது.

"பதிவுக்கு ஓடிபி வேணுமே! தங்கப்பன் வீட்டுல உள்ள ஒரு போனு மவன் கையில. அவன் துபாயில. நான் கூப்பிட்டு, மக்கா உனக்கு ஒரு நம்பரு வரும், அதச் சொல்லுன்னு கேட்டா, நீங்க ஆரு, பைசா அடிக்க தட்டிப்புகாரியாண்ணு கேக்கான். நான் அவனத் தூக்கி வளத்தவ! பின்ன எல்லாத்துக்கும் எனக்க நம்பரப் போட்டேன். ஓடிபி எனக்க கைக்கே வரும். தீந்துது."

நோட்டை மேஜையில் வைத்தார். வீட்டுக்கு ஒரு பக்கம். பெயர், வயது, நோய், குழாயின் அளவு, கடைசியாக மாற்றிய நாள், கதவு திறப்பது யார், நாய் உண்டா இல்லையா. பேனா மாறியிருந்தது, இரண்டு பக்கத்தில் மழை விழுந்திருந்தது, அடித்துத் திருத்திய வயதுகள் இருந்தன. இட்டுக்கட்டிய படிவத்தில் அடித்தல் திருத்தல் இருக்காது. முப்பத்தொரு வருட அனுபவத்தில் இது ஒன்று எனக்கு உறுதியாகத் தெரியும். நான்தான் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை.

"விளக்கம் கேட்டியளே, இதாக்கும் விளக்கம்," என்றார் ஷீலா. "ஆனா நான் இப்போ அதுக்கு வரல்ல. தங்கப்பனுக்குக் குழாய் மாத்த வேண்டிய நாளு போயி ஒம்பது நாளாச்சு. இண்ணைக்குக் காலத்த குளிருதுன்னு சொல்லுது, உடம்பு கிடந்து விறைக்குது. பெண்டாட்டி கமலம் எனக்க போன வாங்கி டிரஸ்டுக்குக் கூப்பிட்டா, அந்தப் பேரு லிஸ்டுல இல்லன்னு சொல்லுதாவ. நான் கூப்பிட்டா, நீ முதல்ல விளக்கம் எழுதுன்னு சொல்லுதாவ. சாறே, அந்த ஆளு செத்தா லிஸ்டுல எந்தக் காலத்துல போடுவிய?"

ஆஷ்லின் தன் திரையை மெல்ல என் பக்கம் திருப்பினாள். பக் லிஸ்ட். பதினேழாவது வரி: 'செறுவிளை – வீட்டில் சேமிக்க முடியவில்லை, வட்டம் சுற்றுகிறது.' அதற்கு எதிரே சஜுவின் குறிப்பு: 'ஆபீசில் சரியாக வேலை செய்கிறது. முடிக்கப்பட்டது.' ஓரத்தில் 'பார்த்தேன்'. கீழே என் இரண்டெழுத்து.

ஆபீசில் வேலை செய்யத்தான் செய்யும். ஆபீசில் வைஃபை உண்டு; ரப்பர் மரம் கிடையாது.

நான் நர்ஸுக்குப் போன் செய்தேன்.

"லிஸ்ட்ல இல்லியே சார்," என்றார் அவர். ஒழுங்கான பெண்.

"லிஸ்டுக்கு விதி எழுதினவன்தான் பேசுதேன். நாலாவது விதிய விட்டுட்டு குழாயும் கொண்டு மேல வாங்க."

அழித்த பெயர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று ஆஷ்லினிடம் கேட்டேன்.

"அழிக்கல்லியே சாறே. வந்தபடியே உள்ள ரா டேட்டாவ தொடாம தனியா வச்சிருக்கேன். லிஸ்டுல இருந்து மாத்திரம் எடுத்தேன்."

"அப்பிடி வைக்கணும்னு ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லல்ல. விதி ஒம்பதுல எனக்கு அத்தறைக்கு நம்பிக்கை இல்ல."

நாற்பது பெயரும் திரும்பி வர நான்கு நிமிடம் ஆயிற்று. தங்கப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

5. மேலே

சஜுவின் கார் சாயக்கடை வரைக்கும்தான் போகும். அங்கிருந்து ரப்பர் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏற வேண்டும். ஷீலா முன்னால் போனார், பிறகு ஆஷ்லின், பிறகு சஜு. நான் வரிசையில் என் பணி மூப்புக்கு நேர் எதிரான இடத்தில் இருந்தேன். நர்ஸ் எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்.

தங்கப்பன் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். இரண்டு கம்பளிக்குக் கீழே உடம்பு உதறியது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. ஷீலா என்னை அறிமுகப்படுத்திய விதத்தை இங்கே எழுத வேண்டியதில்லை.

"சாறே," என்றார் தங்கப்பன், பல் கிட்டிக்கொண்டே. "நான் இல்லன்னு கம்ப்யூட்டரு சொல்லிச்சாமே. பின்ன இந்தப் பையில கிடக்கது ஆருக்க மூத்திரமாக்கும்?"

கமலம், "சும்மா கிடங்க," என்று அதட்டினார். பையில் இருந்தது கலங்கிப் பழுப்பாக இருந்தது.

நர்ஸ் குழாயை மாற்றினார். காய்ச்சல் ஏறிவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார். வெட்டு முடிந்து ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்த நான்கு தொழிலாளிகள் வந்து கட்டிலோடு தூக்கினார்கள். இறக்கத்தில் சஜுவும் கட்டிலின் ஒரு காலைப் பிடித்தார். அவரை நான் குறைத்து மதிப்பிட்டிருந்தேன். தங்கப்பன் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். முதல் இரண்டு நாள் டாக்டர்கள் கமலத்திடம் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. அந்த ஆறு நாளும் எனக்கு வேலை ஓடவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். வேலை ஓடியது. அதுதான் என்னைப் பற்றி எனக்குப் பிடிக்காமல் போன விஷயம்.

6. பெஞ்சு

ஓடிய வேலை இது. மறுநாளே செறுவிளைக்குப் போனேன். நாற்பத்தொரு பதிவையும் வீடு வீடாகச் சரிபார்ப்பது என்று முடிவு. பார்க்காமல் நீக்கியவன் பார்த்துச் சேர்க்க வேண்டும். ஷீலா கூட வந்தார், நோட்டோடு.

சோதனைக்காக இரண்டு வீட்டை நானே என் போனில் பதிவு செய்து பார்த்தேன். முதல் வீட்டு முற்றத்தில் 'சேமி' என்பதை அமுக்கினேன். வட்டம் சுற்றியது. சுற்றிச் சுற்றி அணைந்தது. எழுதியதும் போயிற்று. இரண்டாம் வீட்டிலும் அதே. கீழே இறங்கினேன்.

"பெஞ்சுல ஏறணும் சாறே," என்றார் ராஜப்பன், சாயா ஆற்றிக்கொண்டே. "ஷீலா நிக்கது இந்த ஓரத்து அறுதியில."

ஏறினேன். ஆப்புக்குத் தமிழ்நாட்டு டவர் கிடைத்தது. ஓடிபிக்கு நம்பர் கேட்டது. இரண்டு வீட்டிலும் கையில் போன் வைத்திருந்தவர் யாரும் இல்லை. என் நம்பரைப் போட்டேன். முதல் வீடு சேமிக்கப்பட்டது. அதே பெஞ்சில் நின்று, அதே நம்பரில், இரண்டாம் வீட்டையும் சேமித்தேன்.

சிறிது நேரத்தில் ஆஷ்லின் ஆபீசிலிருந்து கூப்பிட்டாள். குரலில் மரியாதை கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"சாறே, இங்க ஒரு சிவப்பு வரி வந்திருக்கு. நீக்கப்பட்ட நகல்: ஒண்ணு. பதிஞ்சவரு பேரு வாசிக்கணுமா, வேண்டாமா?"

"வேண்டாம்."

"விளக்கம் கேட்டு லெட்டர் அடிக்கட்டா?"

ராஜப்பன் ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும் நீட்டினார். பெஞ்சில் நின்றபடியே வாங்கிக்கொண்டேன். போனில் எண்ணெய் பட்டது.

நான்கு நாளில் எல்லா வீடும் ஏறி முடித்தேன். மொத்தம் நாற்பது வீடு. ஒரு வீடு மட்டும் இரண்டு முறை பதிவாகியிருந்தது. ஷீலா நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அது நான் மறந்துபோயி ரெண்டு தடவ ஏத்தினது. எனக்க தப்புதான்," என்று சட்டென்று ஒப்புக்கொண்டார். ஆக, என் விதி நீக்கிய நாற்பதில் ஒன்று சரி. ஒப்புக்கொள்ள ஷீலாவுக்கு அரை நிமிடம் ஆயிற்று. அறக்கட்டளைக்கு என் கடிதத்தைத் திரும்பப் பெற்று மறு கடிதம் எழுத எனக்கு மூன்று வரைவு தேவைப்பட்டது.

சஜு பதினேழாவது வரியை மறுபடி திறந்தார். 'அடுத்த வெர்ஷன்' என்று அவர் எப்போதும் சொல்லும் அந்த நாள் பத்தே நாளில் வந்தது. இப்போது சிக்னல் இல்லாவிட்டால் பதிவு போனுக்குள்ளேயே தங்கும். இடத்தையும் அந்த முற்றத்திலேயே எடுத்துக்கொள்ளும். சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேரும். டெஸ்டிங் ஆபீசில் கிடையாது, ராஜப்பன் கடைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்குள்.

ஒன்பதாவது விதியை மாற்றி எழுதினேன். இரண்டு பதிவுகள் ஒன்று போலத் தோன்றினால் நீக்க வேண்டாம். அடையாளம் மட்டும் இடவும். ஒருவர் நேரில் போய்ப் பார்க்கட்டும். பார்த்தவர் தன் பெயரை எழுதட்டும். மீதிப் பதின்மூன்று பக்கத்தை ஆஷ்லின் படிக்கிறாளா என்று நான் கேட்பதில்லை.

இளையவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். டேட்டாவில் எல்லாம் ஒன்று போல இருந்தால் ஆள் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஆப் எல்லோரையும் ஒரே பெஞ்சில் ஏற்றி நிறுத்தியிருக்கலாம். முதலில் அந்தப் பெஞ்சில் ஏறி நின்று பாருங்கள்.

தங்கப்பன் வீடு திரும்பிய பிறகு, அவருடைய பதிவைப் புதுப்பிக்கப் போனேன். முற்றத்திலேயே சேமித்தது. இடம் சரி, குழாயின் அளவு சரி, அடுத்து மாற்றும் நாள் சரி. தொழில் என்ற இடத்தில் பழைய பதிவு அப்படியே கிடந்தது: அட்வகேட்.

"இது தப்பா விழுந்திருக்கு," என்றேன். "ரப்பர் வெட்டுன்னு மாத்தட்டா?"

தங்கப்பன் போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வக்கீலுன்னே கிடக்கட்டும் சாறே. ஒரு கேஸு கைவசம் உண்டு. எதிர்க்கட்சி நீங்களாக்கும்."

நான் மாற்றவில்லை. தவறு என்று தெரிந்தே 'சரிபார்க்கப்பட்டது' என்று இன்றுவரை நான் ஒப்பமிட்ட பதிவு அது ஒன்றுதான்.